மூன்று அணு மூலக்கூறை லேசரால் குளிராக்கிப் பிடிப்பது: இவ்வளவு பாடு எதற்கு?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

தனி அணுக்களை லேசரால் குளிராக்குவது பழைய கதை. 1985இல் ஸ்டீவன் சூவின் குழு சோடியம் அணுக்களை ஆறு லேசர் கற்றைகளுக்கு நடுவே மந்தமாக்கிக் காட்டியது, 1997இல் சூ, கோஹன்-தனூஜி, பிலிப்ஸ் மூவருக்கும் நோபல் கிடைத்தது. உந்தக் காப்பு விதி தெரிந்த உயர்தரப் பிள்ளைக்கு அதை ஒரு பாடவேளைக்குள் சொல்லி முடிக்கலாம், நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டு அணு மூலக்கூறும் சரி, 2010இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரொன்சியம் புளோரைட்டைக் குளிராக்கினார்கள், 2014இல் அதையே காந்தப்புலமும் லேசரும் சேர்ந்து பிடித்து வைக்கும் காந்த-ஒளிப் பொறியில் அடைத்தார்கள். ஆனால் இப்போது மூன்று அணு, ஆறு அணு என்று ஏறிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு அணு கூடும்போதும் தலையிடியும் கூடும் என்று அவர்களே எழுதுகிறார்கள், பிறகும் ஏன் விடாமல் போகிறார்கள்? இது வெறும் சாதனைப் பட்டியலுக்கா, இல்லை இரண்டு அணுவால் ஏலாத ஏதாவது ஒன்று மூன்றில் இருக்கிறதா? எனக்கு இரண்டாவதுக்குத்தான் பதில் வேண்டும்.

சம்மாந்துறை நானா

முதலில் எனக்கு ஒன்று சொல்லுங்கள் தம்பி. எங்கட பட்டறைப் பக்கம் லேசரால் இரும்புத் தகடு வெட்டுகிறார்கள், தகடு சிவந்து உருகுகிறது. நீங்கள் அதே லேசரால் குளிர் எடுக்கிறதாகச் சொல்கிறீர்கள். எப்படி?

கல்லாறு ரீச்சர்

நானா, தகடு வெளிச்சத்தை உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது, அதனால் சூடாகிறது. தனி அணு அப்படியில்லை. ஒரு போட்டனை உறிஞ்சும், சில பத்து நானோ செக்கனுக்குள் அதைத் திரும்ப வெளியே விட்டுவிடும். உறிஞ்சும்போது எதிரே வந்த போட்டனின் உந்தம் அணுவை ஒரு தட்டுத் தட்டும், வெளிவிடுவது எந்தத் திசைக்கும் போகலாம் என்பதால் அந்தத் தட்டுகள் சராசரியில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். லேசரின் மீடிறனை அணு விரும்புவதைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால், லேசரை நோக்கி ஓடிவரும் அணுவுக்கு மட்டும் டொப்ளர் விளைவால் அது பொருத்தமாகத் தெரியும். எந்தப் பக்கம் ஓடினாலும் எதிர்ப்பக்கத்துத் தட்டுத்தான் விழும், வேகம் குறையும், வேகம் குறைந்தால் அதுதான் குளிர்.

தட்டு மிகச் சின்னது. அதனால் ஆயிரக்கணக்கில் தட்ட வேண்டும். மூலக்கூறில் பிரச்சினை தொடங்குவது அந்த "ஆயிரக்கணக்கில்" என்ற இடத்தில்தான்.

வந்தாறுமூலை பழசு

ரீச்சர் விட்ட இடத்திலிருந்து பிடிக்கிறேன். (நான் இப்போது வெளிநாட்டில், குளிர் அணுக்களோடுதான் வேலை, மூலக்கூறு பக்கத்து ஆய்வுகூடத்துக்காரரின் பாடு.)

எண்ணைப் போட்டுப் பார்த்தால் கதை தெளிவாகும். இந்தத் துறையின் செல்லப்பிள்ளை கல்சியம் மொனோ ஐதரொட்சைட்டு: ஒரு கல்சியம், ஒரு ஒட்சிசன், ஒரு ஐதரசன், மூன்றும் ஒரே நேர்கோட்டில். திணிவு எண் 57. அதைக் குளிராக்கும் பிரதான லேசர் 626 நானோமீற்றர், செம்மஞ்சள் கலந்த சிவப்பு. ஒரு போட்டன் தட்டினால் வேகம் மாறுவது செக்கனுக்கு 1.1 சென்ரிமீற்றர். மூலக்கூறு பிறக்கிற இடம் சில கெல்வின் குளிரில் உள்ள ஈலியம் வாயு நிரம்பிய சிறு கலம், அங்கேயிருந்து கற்றையாக வெளியே வரும்போது வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 150 மீற்றர் என்று வையுங்கள். நிறுத்துவதற்கு 13,000 போட்டன் வேண்டும். செக்கனுக்குப் பத்து இலட்சம் தடவை தட்டலாம் என்று கொண்டால் 13 மில்லி செக்கன், அதற்குள் அது ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் ஓடியிருக்கும். இதெல்லாம் மேசைமேல் அடங்குகிற கணக்குத்தான், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது இது. அணு போட்டனை வெளிவிட்டபின் முன்பு இருந்த மட்டத்துக்கே திரும்பி வரும். மூலக்கூறு அப்படி வரவேண்டிய கட்டாயமில்லை, அதற்கு அதிர்வும் உண்டு. கல்சியம்-ஒட்சிசன் பிணைப்பு நீண்டு சுருங்கும் ஒரு அதிர்வு, ஒட்சிசன்-ஐதரசன் பிணைப்பில் இன்னொன்று, மூலக்கூறு வளையும் அதிர்வு இரண்டு தளங்களில் இரண்டு, ஆக நான்கு. இரண்டு அணு மூலக்கூறில் ஒன்றே ஒன்றுதான். ஆறு அணு உள்ள கல்சியம் மெதொக்சைட்டில் பன்னிரண்டு. அருட்டிய நிலையிலிருந்து இறங்கும்போது அது இந்த அதிர்வுகளில் எதையாவது தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டால், உங்கள் லேசர் அதன் கண்ணுக்கே தெரியாது. இந்த மூலக்கூறில் 100க்கு ஏறத்தாழ 95 தடவை நல்ல மட்டத்துக்கே திரும்பி வரும். கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனால் 0.95ஐ இருபது தடவை பெருக்கிப் பாருங்கள், 0.36 வரும். இருபது தட்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கு கையை விட்டுப் போய்விட்டது, எங்களுக்கு வேண்டியதோ பதின்மூவாயிரம்.

அக்கரைப்பற்று வயல்

விளங்குது. வரம்பில் நண்டு வளை மாதிரி. ஒன்றை அடைத்தால் தண்ணீர் அடுத்ததால் போகும், கடைசியில் வயல் காய்ந்துவிடும். அப்போ எத்தனை வளை அடைக்கிறார்கள்?

வந்தாறுமூலை பழசு

உவமை பாதிக்குச் சரி, மீதிப் பாதிக்கு ஒத்து வராது அண்ணே. நண்டு வளை எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. இங்கே ஒவ்வொரு ஒழுக்கும் முந்தையதைவிட மிகச் சின்னது: முதலாவது நூற்றில் சில, அடுத்தது ஆயிரத்தில் சில, அதற்கடுத்தது பத்தாயிரத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நிற லேசர் வைத்து, ஒழுகிப்போனதைத் திரும்ப ஏற்றி வட்டத்துக்குள் விடுகிறார்கள். பதின்மூவாயிரம் தட்டுக்கு ஒழுக்கைப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தால் போதும். ஹார்வர்டில் ஜோன் டொயிலின் குழு இந்த மூலக்கூறுக்குப் பத்துக்கும் மேற்பட்ட நிறங்களைப் பாவித்தது. எல்லாம் ஒரே மேசையில், ஒவ்வொன்றின் மீடிறனும் தனித்தனியே பூட்டப்பட்டு, ஒன்று நழுவினால் அன்றைய பொழுது போச்சு. இந்த வேலையின் உண்மையான வியர்வை இதுதான், பத்திரிகைச் செய்தியில் வராது.

திருக்கோவில் பொடியன்

95 வீதம் என்பதே எப்படி வந்தது? எந்த மூலக்கூறும் இப்படி நடக்குமா? தண்ணீரை எடுத்தால்?

வந்தாறுமூலை பழசு

நடக்காது. தண்ணீர், காபனீரொட்சைட்டு எல்லாம் இந்த வழிக்கு ஆகாது. இங்கே தெரிவுதான் எல்லாம். கல்சியத்துக்கு வெளி ஓட்டில் இரண்டு இலத்திரன். ஒன்றை ஐதரொட்சில் கூட்டத்துக்குக் கொடுத்துப் பிணைந்துகொள்கிறது. மிச்சம் ஒன்று கல்சியத்தின் தலைமேலேயே, பிணைப்புக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. லேசர் தட்டுவது அந்த ஒதுங்கிய இலத்திரனை. அது மேலே ஏறினாலும் இறங்கினாலும் பிணைப்பின் நீளம் அசைவதில்லை என்றே சொல்லலாம். பிணைப்பு நீளம் மாறாவிட்டால் அதிர்வைக் கிளப்ப காரணமும் இல்லை. பிராங்க்-கொண்டன் காரணி (இறங்கும்போது எந்த அதிர்வு மட்டத்துக்கு எவ்வளவு பங்கு போகும் என்று சொல்லும் எண்) என்று படித்திருப்பீர்கள், அதன் விளையாட்டுத்தான் முழுக்க. 2016இல் ஐசேவ், பேர்கர் என்ற இரண்டு பேர் இந்த யோசனையை வைத்துக் கோட்பாட்டளவில் பல அணு மூலக்கூறுகளைத் தேடிக் காட்டினார்கள். 2017இல் டொயில் குழு ஸ்ரொன்சியம் மொனோ ஐதரொட்சைட்டின் கற்றையைப் பக்கவாட்டில் 50 மில்லி கெல்வினிலிருந்து 750 மைக்ரோ கெல்வினுக்கு இறக்கியது. பல அணு மூலக்கூறு ஒன்று லேசர்த் தட்டால் குளிர்ந்தது அதுதான் முதல் தடவை.

கல்லாறு ரீச்சர்

இந்த மூலக்கூறை ஏதோ அமெரிக்க ஆய்வுகூடத்தில் மட்டும் கிடைக்கும் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நான் இரசாயனவியல் படிப்பிக்கிறவள், ஒவ்வொரு வருடமும் சுவாலைப் பரிசோதனை செய்கிறோம், கல்சியத்துக்குச் செங்கட்டிச் சிவப்பு என்று பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுகிறார்கள். அந்தச் சிவப்பு பெரும்பாலும் கல்சியம் அணுவின் நிறமே இல்லை. சுவாலையில் இருக்கும் நீராவியோடு கல்சியம் சேர்ந்து ஒரு நொடிக்கு உருவாகும் இதே மொனோ ஐதரொட்சைட்டின் நிறம். 1955இல் ஜேம்ஸ், சக்டன் இருவரும் அதை அடையாளம் காட்டினார்கள்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நைக்குரோம் கம்பியைச் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, சுவாலையில் நிறம் வராத வரைக்கும் சுட்டுச் சுட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சோடியத்தின் மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும், கை வியர்வையே அதற்குப் போதும். மறுகா கல்சியம் குளோரைட்டில் தொட்டு பன்சன் சுடரின் ஓரத்தில் பிடியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், எங்கள் பக்கத்துக் கச்சான் காற்றுக் காலமென்றால் யன்னலையும் சாத்துங்கள். பழைய சீடி ஒன்றைச் சரித்துப் பிடித்து அதில் தெறிக்கிற நிறமாலையைப் பார்த்தால் சோடியத்துக்கு ஒரு கூர்மையான கோடு, கல்சியத்துக்கோ 554 நானோமீற்றரை ஒட்டி ஒரு பச்சைப் பட்டையும் 620ஐச் சுற்றி ஒரு செம்மஞ்சள் பட்டையும், இரண்டும் அகலமாகக் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கல்தான் அதிர்வும் சுழற்சியும். வந்தாறுமூலைத் தம்பி சொன்ன 626 அந்தச் செம்மஞ்சள் பட்டைக்குள்ளேயே இருக்கிறது.

சம்மாந்துறை நானா

அப்போ வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பையா இவ்வளவு லேசர் வைத்துக் குளிராக்குகிறார்கள் 😄

கல்லாறு ரீச்சர்

அது இரண்டு ஐதரொட்சில் உள்ள திண்மம், நானா. இது ஒன்று மட்டும் உள்ள தனி மூலக்கூறு, சோடி சேராத ஒரு இலத்திரனோடு தவித்துக்கொண்டு நிற்கும். போத்தலில் அடைத்து வைக்க ஏலாது, எதையாவது தொட்டால் அடுத்த கணமே வேறொன்றாகிவிடும். சுவாலையிலும் வெற்றிடத்திலும்தான் ஆளைப் பார்க்கலாம். ஹார்வர்டிலும் கல்சியத் துண்டை லேசரால் ஆவியாக்கி நீராவியோடு சேர்த்தே உண்டாக்குகிறார்கள், எங்கள் பன்சன் சுடரின் அதே இரண்டு சரக்குத்தான், சூடு மட்டும் வேறு.

வாவிக்கரை

ரீச்சர், இது அருமை, அடுத்த வகுப்பில் சொல்வேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒழுக்கை அடைக்கலாம், ஏற்றுக்கொண்டேன். எதற்காக அடைக்க வேண்டும்? கல்சியம் புளோரைட்டும் இதே குணம் உள்ளதுதானே, ஒரே ஒரு அதிர்வு, 2017இலேயே பொறியில் விழுந்துவிட்டது. புளோரினுக்குப் பதில் ஒட்சிசனையும் ஐதரசனையும் மாட்டி இன்னும் மூன்று அதிர்வை விலைக்கு வாங்குவது ஏன்?

வந்தாறுமூலை பழசு

சரி, இதற்கு நீளமாகத்தான் எழுத வேண்டும், தேத்தண்ணி எடுத்துக்கொண்டு இருங்கள்.

விலைக்கு வாங்குகிறோம் என்று நீங்கள் சொல்கிற அந்த வளைவு அதிர்வுதான் காரணம். புளோரைட்டுக்கு வளைய வழியில்லை, இரண்டு அணு எப்படி வளையும்? மூன்று அணு வளையும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் வளையலாம், இரண்டையும் கலந்தால் அந்த வளைவு மூலக்கூறின் அச்சைச் சுற்றி வலமாகவோ இடமாகவோ சுழலும். இந்த இரண்டிலிருந்தும் சமச்சீர் எதிரெதிரான ஒரு சோடி மட்டங்கள் வருகின்றன, அவற்றுக்கிடையே இருக்கும் சக்தி வித்தியாசம் இந்த மூலக்கூறில் ஏறத்தாழ 43 மெகாஹேட்ஸ் மட்டுமே. கல்சியம் புளோரைட்டில் எதிரெதிர்ச் சமச்சீர் கொண்ட அடுத்த மட்டம் வேண்டுமென்றால் அடுத்த சுழற்சிப் படிக்குப் போக வேண்டும், அது ஏறத்தாழ 20,000 மெகாஹேட்ஸ் தூரம். வித்தியாசம் 500 மடங்குக்குக் கிட்ட.

இதில் என்ன இலாபம்? மூலக்கூறுக்கு இருமுனைவுத் திருப்பம் (ஒரு முனையில் நேரேற்றமும் மறுமுனையில் மறையேற்றமும் பிரிந்து நிற்கும் அளவு) இருந்தாலும், ஒரு தனிச் சுழற்சி மட்டத்தில் அது எந்தப் பக்கமும் பார்க்காது, சராசரியில் பூச்சியம். எதிர்ச் சமச்சீர் மட்டம் இரண்டை மின்புலத்தால் கலந்தால்தான் அது ஒரு பக்கம் திரும்பி நிற்கும். மட்டங்கள் நெருங்கி இருந்தால் சென்ரிமீற்றருக்குச் சில நூறு வோல்ட்டே போதும், தூரமாக இருந்தால் பல ஆயிரம் வேண்டும். இன்னொன்று, நெருங்கிய சோடியில் ஒரே புலத்துக்குள்ளேயே புலத்தோடு நிற்கும் மூலக்கூறு, புலத்துக்கு எதிராக நிற்கும் மூலக்கூறு, இரண்டையும் தெரிந்தெடுக்கலாம். அளவீடு செய்கிறவனுக்கு இது பெரிய காரியம், ஏனென்றால் கருவியின் மின்புலத்தைத் திருப்பாமலே மூலக்கூறை மட்டும் திருப்பிப் பார்த்து, கருவி தருகிற பொய்யான சைகையைக் கழித்துவிடலாம்.

எதை அளக்க? இலத்திரனுக்கே ஒரு மின் இருமுனைவுத் திருப்பம் இருக்கிறதா என்று. இருந்தால் காலத்தை முன்னும் பின்னும் ஓட்டினால் இயற்பியல் ஒன்றாக இருக்கும் என்ற சமச்சீர் உடைகிறது என்று அர்த்தம், பிரபஞ்சத்தில் ஏன் எதிர்ச்சடப்பொருள் மிச்சமில்லை என்ற கேள்வியோடு தொடர்புள்ள விஷயம். இதுவரை யாரும் காணவில்லை. 2018இல் தோரியம் ஒட்சைட்டு வைத்துப் போட்ட மேல் எல்லை 1.1 × 10இன் அடுக்கு −29 (இலத்திரன் ஏற்றம் × சென்ரிமீற்றர்), 2023இல் கொலராடோவில் ஹாப்னியம் புளோரைட்டு அயனை வைத்து அதை 4.1 × 10இன் அடுக்கு −30க்கு இறக்கினார்கள். அந்த இரண்டு மூலக்கூறுக்கும் நெருங்கிய சோடி மட்டம் உண்டு, ஆனால் அது வருவது இலத்திரன்களின் கோண உந்தத்தால், அப்படிப்பட்ட இலத்திரன் அமைப்பு லேசர்க் குளிராக்கலுக்கு ஒத்துவராது. புளோரைட்டு வகை குளிரும், ஆனால் சோடி இல்லை. இரண்டும் ஒரே மூலக்கூறில் வேண்டுமென்றால் சோடியை இலத்திரனிடம் கேட்கக் கூடாது, வளைவிடம் கேட்க வேண்டும். 2017இல் கொசிரியேவ், ஹட்ஸ்லர் இருவரும் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான், வாவிக்கரையார், உங்கள் கேள்விக்கு விடையும் இதுதான்.

கல்சியம் இலேசானது, அந்த அளவீட்டுக்கு அது பயிற்சிக் களம்தான். அணு எண்ணின் மூன்றாம் அடுக்கைவிட வேகமாக உணர்திறன் ஏறும், ஆகவே கண் வைப்பது இற்றர்பியம், ரேடியம் ஐதரொட்சைட்டுகளில், நடுவில் ஸ்ரொன்சியம்.

வாவிக்கரை

இதைத்தான் தேடினேன். ஒழுக்கும் அதே அதிர்வு, பலனும் அதே அதிர்வு. இப்போது எது வரைக்கும் வந்திருக்கிறார்கள்?

வந்தாறுமூலை பழசு

2022இல் முதல் முப்பரிமாணக் காந்த-ஒளிப் பொறி, கல்சியத்தில். பொறிக்குப் பிறகு லேசர் மீடிறனை மறுபக்கமாக, அதாவது நீலப் பக்கமாக நகர்த்தி 110 மைக்ரோ கெல்வின், டொப்ளர் எல்லைக்கும் (ரீச்சர் சொன்ன முறையால் மட்டும் எட்டக்கூடிய அடிமட்ட வெப்பநிலைக்கும்) கீழே. 2023இல் அதை இன்னும் இறக்கி 20 மைக்ரோ கெல்வின், அப்படியே ஒளிப் பொறிக்குள் ஏற்றி, வேண்டுமென்றே வளைவு அதிர்வுக்குள் தள்ளி, அந்த நிலை தானாக இறங்க எடுக்கும் ஆயுள் ஏறத்தாழ 0.7 செக்கன் என்றும் அளந்தார்கள். 2024இல் ஒவ்வொன்றாகப் பிரித்து ஒளிச் சாமணங்களின் (ஒவ்வொரு மூலக்கூறாகப் பிடிக்கும் குவித்த லேசர்க் கற்றைகளின்) வரிசையில் நிறுத்தினார்கள். ரீச்சரின் பன்சன் சுடரோடு ஒப்பிட்டால் பத்துக் கோடி மடங்குக்குக் கிட்டக் குளிர்.

ஒலுவில் அலை

எல்லாம் சரி, ஆனால் நீங்கள் இதை ஹார்வர்டின் தனிச்சொத்து மாதிரி எழுதுகிறீர்கள். ஜேர்மனியில் கார்ஷிங்கில் ரெம்பேயின் குழு 2012இலேயே மெதைல் புளோரைட்டைக் குளிராக்கியது, 2016இல் ஃபோர்மல்டிகைட்டு 420 மைக்ரோ கெல்வின், ஏறத்தாழ மூன்று இலட்சம் மூலக்கூறுகள். போட்டனை ஆயிரக்கணக்கில் சிதறவிடவே இல்லை. மூலக்கூறை மின்புலப் பொறிக்குள் விட்டு, அது புலம் கூடிய ஓரத்துக்கு ஏறிச் சக்தியை இழந்ததும் ரேடியோ அலையால் நிலையை மாற்றிவிடுகிறார்கள், பின் அகச்சிவப்பு லேசரால் ஒரே ஒரு போட்டன் வெளியேறித் திரும்பவும் முதல் நிலை. ஒவ்வொரு சுற்றிலும் பெரிய துண்டாகச் சக்தி போகிறது. அதற்கு மேல், குளிர்ந்த சோடியம்-பொட்டாசியம் மூலக்கூறுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு அணு மூலக்கூறை 134 நனோ கெல்வினில் 2024இல் காட்டியதும் அதே கார்ஷிங்கில்தான். மைக்ரோ கெல்வின் என்று மார்தட்ட என்ன இருக்கிறது?

வந்தாறுமூலை பழசு

மார்தட்டவில்லை மச்சான். நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை, இரண்டும் அழகான வேலை. ஆனால் வேறு கணக்கு. ஃபோர்மல்டிகைட்டு முறையில் போட்டன் குறைவு, அதனால் ஒழுக்குத் தொல்லையும் குறைவு, ஆனால் தனி மூலக்கூறு ஒன்றை ஒளிர வைத்துப் படமெடுக்க ஏலாது, அதற்கு ஒரே மூலக்கூறு ஆயிரக்கணக்கில் போட்டன் தர வேண்டும். சாமண வரிசைக்கு அந்த ஒளிர்வு இல்லாமல் முடியாது. சேர்த்துக் கட்டும் முறையில் வருகிற நான்கு அணு மூலக்கூறு மிகத் தளர்வான பிணைப்பு, கார உலோகங்களுக்குள் மட்டும்தான். அதைக்கொண்டு இலத்திரனை அளக்கப் போவதில்லை. எது பெரிது என்பதில் எனக்கு அக்கறை இல்லை, எதை அளக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

ஒலுவில் அலை

படமெடுப்பது பற்றிச் சொன்னது சரி. மற்றதில் இன்னும் வழக்கு இருக்கிறது, அது வேறு இழையில்.

திருக்கோவில் பொடியன்

நான் இரண்டாம் வருடம், இங்கேயேதான் படிக்கிறேன். எங்கள் பக்கத்தில் லேசர்க் குளிராக்கல் ஆய்வுகூடம் என்று ஒன்று வரும்வரை பார்த்துக்கொண்டா இருப்பது? கணினியில் ஏதாவது செய்ய முடியுமா?

கல்லாறு ரீச்சர்

முடியும் மகன். பிராங்க்-கொண்டன் காரணிக்கு லேசர் தேவையில்லை. தரை நிலைக்கும் அருட்டிய நிலைக்கும் பிணைப்பு நீளத்தையும் அதிர்வு மீடிறனையும் கணித்தால் போதும், ஓர்கா போன்ற மென்பொருள் கல்வி வேலைக்கு இலவசம், மூன்று அணு மூலக்கூறு சாதாரண மடிக்கணினியில் ஓடும். மின்வெட்டு வந்தால் இடையில் நின்றுவிடும், அதனால் இடைக்கிடை சேமிக்கும்படி எழுதி வையுங்கள், எனக்கு நடந்த கதை.

வந்தாறுமூலை பழசு

முதலில் கல்சியம் மொனோ ஐதரொட்சைட்டையே போடுங்கள், 95க்குக் கிட்ட வருகிறதா பாருங்கள், வந்தால் உங்கள் முறை சரி. ஒன்று மட்டும் கவனம்: வளைவுக்குப் போகிற ஒழுக்கு சாதாரணப் பிராங்க்-கொண்டன் கணக்கில் சரியாக வராது. ஒரு வளைவுச் சொட்டோடு இறங்குவதைச் சமச்சீர் தடுக்கிறது, ஆனால் இலத்திரன் அசைவும் அதிர்வும் கொஞ்சம் கலப்பதால் அது சிறு அளவில் நடந்தே தீரும், ஆய்வுகூடத்தில் அதற்கும் லேசர் வைத்துத்தான் அடைக்கிறார்கள். மென்பொருள் பூச்சியம் என்று தந்தால் நம்பிவிடாதீர்கள்.

திருக்கோவில் பொடியன்

அது முடிந்ததும் பெரிய மூலக்கூறுக்குப் போகலாமா? ஐதரசனுக்குப் பதில் பென்சீன் வளையம் மாட்டினால் எல்லாம் கெட்டுவிடுமா?

வந்தாறுமூலை பழசு

கெடவில்லை என்பதுதான் ஆச்சரியம். கல்சியத்தை ஒட்சிசன் வழியாக பென்சீன் வளையத்தில் கோத்து, கல்சியம் பீனொக்சைட்டு என்று செய்து பார்த்திருக்கிறார்கள், 2022இல் கட்டுரை வந்தது. அதிர்வுகள் குவிந்து கிடக்கின்றன, ஆனாலும் ஒதுங்கிய இலத்திரன் கல்சியத்தின் தலைமேலேயே நிற்பதால் பெரும்பங்கு நல்ல மட்டத்துக்கே திரும்புகிறது. வளையத்தில் இலத்திரனை இழுக்கும் கூட்டங்களை மாட்டினால் இன்னும் நல்லது. கல்சியத்திலிருந்து ஒட்சிசனுக்கு ஏற்றம் இன்னும் தெளிவாகப் போய்விடுகிறது, மிச்ச இலத்திரன் இன்னும் தனித்து நிற்கிறது. புளோரினை எந்த இடத்தில் மாட்டினால் எவ்வளவு கூடும் என்பது உங்கள் மடிக்கணினியில் கணிக்கக்கூடிய விஷயம். குளிராக்கிப் பொறியில் அடைப்பது அவ்வளவு பெரியதில் இன்னும் நடக்கவில்லை, ஒழுக்கைப் பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கொண்டுவர எத்தனை லேசர் வேண்டும் என்பதில்தான் முட்டி நிற்கிறது.

திருக்கோவில் பொடியன்

சரி அண்ணா. மூன்று அணுவில் தொடங்குகிறேன், உள்ளீட்டுக் கோப்பை எழுதியதும் இங்கேயே ஒட்டுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

வாவிக்கரை

ஒட்டுங்கள் தம்பி. ரீச்சர், அந்த சீடி நிறமாலையைப் படம் எடுக்க முடிந்தால் அதையும் போடுங்கள், பச்சைப் பட்டை கைத்தொலைபேசிக் கமராவில் விழுகிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டும்.